வெட்டிப் போட்ட மூன்று வரி

அத்தியாயம் 14

இந்தக் குடும்பத்தோடு முதல் வாரத்திலிருந்தே வந்துகொண்டிருப்பவர்களுக்கு ஊசியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் ஏறியவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசி என்பது அவள் பெயரில்லை. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்கிறவள். கல்யாணமாகி வந்த மறுநாளே மாமனார் வைத்த பட்டப்பெயர் அது. பத்து வருடத்தில் அவள் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பாக்கி.

மாமனார் ரயில்வே ஸ்டேஷனில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளர். கூட வேலை பார்த்தவர்களுக்கு அவர் 'மைக்'. வண்டி வருகிறது, போகிறது, தாமதம், எல்லாம் அவர் குரலில்தான். அந்த மனிதர் மாமியார் கண்ணை மூடிய அன்றோடு வாயையும் மூடிக்கொண்டார். இரண்டு வருடம் வீட்டில் 'ம்', 'சரி', 'வேண்டாம்' இந்த மூன்றுதான்.

போன மாதம் ஊசிதான் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி முன்னறையில் வைத்து, அவருக்கு ஒரு மெயில் முகவரியும் போட்டுக் கொடுத்தாள். பழைய ரயில்வே கூட்டாளிகள் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொண்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர்! அவருக்கும் மெல்லப் பேச்சு திரும்பியது. போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒரு ஜோக்கே சொல்லிவிட்டார். ஊசி எழுந்து போய்ச் சமையலறையில் நின்று அழுதாள். ஜோக் அப்படியொன்றும் பிரமாதமில்லை.

அது வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

காலை ஒன்பதே காலுக்குப் பெரிய டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். ஆஸ்பத்திரிக்கே தலைவி. சிரித்துப் பார்த்தவர்கள் யாருமில்லை, ஆனால் அநியாயமாகத் திட்டு வாங்கியவர்களும் யாருமில்லை. ஊசி கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனாள்.

டாக்டரம்மா ஒரு காகிதத்தை மேஜையில் நகர்த்தி வைத்தார்.

'அவசரம்! அவசரம்! வலிப்பு வரும் குழந்தைகளுக்குக் கொடுக்கும் நீல மூடி மருந்தில் விஷம்! இருபத்தேழு குழந்தைகள் பலி! ஆஸ்பத்திரிகள் இதை மறைக்கின்றன! இன்றே நிறுத்துங்கள்! குழந்தைகள் மேல் பாசம் உள்ளவர்கள் உடனே பத்துப் பேருக்கு அனுப்புங்கள்!'

அதற்குக் கீழே, அழகாகக் கோடு போட்டு, அவள் பெயர். மூத்த ஆய்வக நுட்பநர், இரத்தப் பரிசோதனைப் பிரிவு. ஆஸ்பத்திரி முகவரி. தொலைபேசி எண். ஒன்று விடாமல்.

ஊசி காகிதத்தை எடுத்து மறுபடி மேலிருந்து படித்தாள்.

"இது நீங்க அனுப்பினதுதானேம்மா?"

"அனுப்பினேன் டாக்டர். ஆனா இப்படி இல்ல. அந்தக் கீழ இருக்கிறது லேப் கம்ப்யூட்டர்ல எந்த மெயில் அனுப்பினாலும் தானா வந்து ஒட்டிக்கும். மேல நான் மூணு வரி எழுதியிருந்தேன். 'இது உண்மையான்னு தெரியல. மருந்துப் பிரிவுல கேட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாருக்கும் அனுப்பாதீங்க'ன்னு."

"அந்த மூணு வரி எங்க?"

"காணோம்."

"வரிக்குக் கால் முளைச்சுதா?" டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நாலு நாள்ல ஒன்பது அம்மாக்கள் மருந்தை நிறுத்திட்டு வந்து நிக்கிறாங்க. கேட்டா உங்க பேரைக் காட்டறாங்க. லேப்ல இருக்கிறவங்களே சொல்லிட்டாங்களேன்னு. இதுவரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. இதுவரைக்கும்."

"பொய்னு மருந்துப் பிரிவுல அன்னிக்கே சொல்லிட்டாங்க டாக்டர்."

உண்மைதான். மருந்துப் பிரிவுக்காரர் படித்துவிட்டுச் சிரித்தார். "இந்தக் கழுதை மூணு வருஷமா ஊரைச் சுத்துதும்மா. அப்போ மஞ்சள் மூடி, இப்போ நீல மூடி. தேதி இருக்கா? ஊர் இருக்கா? செத்த பிள்ளைங்க எந்த ஆஸ்பத்திரின்னு இருக்கா? அவசரம்னு ரெண்டு தடவை கத்தி, பத்துப் பேருக்கு அனுப்புன்னு கெஞ்சினா, அப்பவே தெரிஞ்சுக்க வேணாமா?" என்றார்.

"பொய்னு தெரிஞ்சதை யார்கிட்ட சொன்னீங்க?"

யாரிடமும் இல்லை. சாயங்காலம் வீட்டில் சொல்லலாம் என்றுதான் இருந்தாள். சாயங்காலம் மாமனார் ஜோக் சொல்லிவிட்டார். அந்தச் சந்தோஷத்தில் மறந்தே போய்விட்டது.

"நாலு மணிக்குள்ள எழுத்துல விளக்கம் வேணும்" என்றார் டாக்டரம்மா. "உங்க வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல இது நிக்கணும்."

வராந்தாவில் வந்து நின்றதும் ஊசிக்கு யோசிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அந்த மெயில் இரண்டே பேருக்குத்தான் போனது. ஒன்று அவள் கணவனுக்கு, இன்னொன்று மாமனாருக்கு.

ஏன் அனுப்பினாள் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாமனாருக்கு அவள் ஏதாவது ஒன்று அனுப்புவாள். ஒரு பூனைப் படம், ஒரு துணுக்குச் செய்தி, எதுவும் இல்லாவிட்டால் 'சாப்பிட்டீங்களா மாமா?' அவர் மெயில் பெட்டியைத் திறக்கும்போது வீட்டிலிருந்து ஒரு மெயிலாவது இருக்கவேண்டும் என்று அவளாக வைத்துக்கொண்ட கணக்கு. வெள்ளிக்கிழமை வேலை நெட்டித் தள்ளியது. பழைய தோழி ஒருத்தி அனுப்பிய இதுதான் கண்ணில் பட்டது. மூன்று வரி எழுதினாள், கணவனுக்கும் சேர்த்துத் தட்டிவிட்டாள்.

கணவனைக் கூப்பிட்டாள். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவன். பின்னால் இயந்திரம் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை நான் அனுப்பின மெயிலைப் பார்த்தீங்களா?"

"மெயிலா? நான் அதைத் திறந்தே நாலு மாசம் ஆச்சே."

"அப்ப மாமாதான்."

விஷயத்தைச் சொன்னாள். இயந்திரம் நின்றது.

"அப்பாகிட்ட சொல்லாத ஊசி. நான் பண்ணினேன்னு எழுதிக் குடுத்துடு."

"உங்களுக்கு மெயில் அனுப்பத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

"விளையாடாத. இப்பதான் மனுஷன் வாயைத் திறந்திருக்கார். உன்னால பிள்ளைங்க மருந்தை நிறுத்திட்டாங்கன்னு சொன்னா, மறுபடியும் போய் அந்த நாற்காலியில உக்காந்துடுவார். மறுபடியும் அந்த 'ம்' ஆரம்பிச்சா என்னால தாங்க முடியாது."

அவளால் மட்டும் தாங்க முடியுமா? ஆனால் அந்த நூற்று நாற்பத்து மூன்று பேர் யார், எவர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் சொன்னால்தான் கேட்பார்கள். சொல்லாமல் விட்டால் பிள்ளைகள். சொன்னால் மாமா.

"நான் வீட்டுக்குப் போறேங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினொன்றரைக்கு அவள் வாசற்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து கணீரென்று குரல் வந்தது. மாமனார் யாரோ அனுப்பிய கடிதத்தைத் திரையிலிருந்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். கேட்க ஆளில்லாவிட்டாலும் அப்படித்தான் வாசிப்பார். ஊசி செருப்பைக் கழற்றாமல் அங்கேயே ஒரு நிமிடம் நின்று கேட்டாள். இன்னொரு தடவை கேட்கக் கிடைக்குமோ கிடைக்காதோ.

"அட, ஊசி! என்ன பாதி நாள்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் மாமா."

"வா வா, உக்காரு. உன் பேரு இப்போ எங்கெல்லாம் போயிருக்கு தெரியுமா? ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தானே சொட்டை, அவன் கேக்கறான், 'உன் மருமக அவ்வளவு பெரிய ஆளாடா'ன்னு. ஆமாடான்னு சொன்னேன்."

அந்த முகத்தில் அவ்வளவு பூரிப்பு. பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததுபோல உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நான் அனுப்பின மெயில்ல மேல மூணு வரி இருந்துச்சே. அது எங்க?"

"அதுவா? எடுத்துட்டேன்." கொஞ்சம்கூடத் தயக்கமில்லை. "உனக்குத் தெரியாது ஊசி, இதெல்லாம் எங்க தொழில். மைக்ல போய் 'வண்டி மூணாவது பிளாட்பாரத்துல வரலாம், வராமலும் போகலாம், தெரியல'ன்னு சொல்ல முடியுமா? கூட்டம் இங்கயும் அங்கயும் ஓடி மிதிபட்டுச் சாகும். சொல்றதை உறுதியா சொல்லணும்."

"ஆனா தெரியலையே மாமா. தெரியாததை எப்படி உறுதியா சொல்றது?"

"தெரியலைன்னாதான் நிறுத்தணும்! ரயில்வேல முதல் பாடமே அதுதான். சந்தேகம்னா சிவப்பு. முதல்ல வண்டியை நிறுத்து, காரணத்தை அப்புறம் கேளு. நின்ன வண்டி யாரையும் கொன்னதில்ல. தாமதம்னு நாலு பேர் திட்டுவான், திட்டிட்டுப் போகட்டும்."

ஊசி அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு முன் அப்படிப் பிடித்ததில்லை.

"மாமா, ரயில் நின்னா ஆபத்து இல்ல. இந்த மருந்து நின்னாதான் ஆபத்து. வலிப்பு மருந்தைத் திடீர்னு நிறுத்தக்கூடாது. நிறுத்தினா வலிப்பு முன்னைவிடப் பலமா வரும். அந்த மெயில் பொய் மாமா. விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொய்னு எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுடுச்சு. உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

அவர் அவளையே பார்த்தார். கடைசியில் சொன்ன 'தப்பு என்னோடது' அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"கரி..." என்றார்.

"கரி அங்கிளுக்கு என்ன?"

"அவன் பேத்தி. அது அந்த மருந்துதான் சாப்பிடுது. நீல மூடி. நான் பார்த்திருக்கேன்." எழுந்துவிட்டார். "அவனுக்காகத்தான் ஊசி அனுப்பினேன். அவனுக்கு மட்டும் அனுப்பினா மத்தவங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்குமேன்னு எல்லாருக்கும் போட்டேன்."

கரி இன்ஜின் டிரைவராக இருந்தவர். மாமனாருக்கு நாற்பது வருடச் சிநேகிதம். மாமியார் போன பிறகு, பதில் வராது என்று தெரிந்தும் வாரா வாரம் வந்து உட்கார்ந்து தனியாகவே பேசிவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான்.

ஃபோன் போட்டார்கள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்கள். எடுக்கவில்லை.

மாமனார் ஷூவை மாட்டுகிற நேரத்தில் ஊசி அவர் பெட்டியிலிருந்தே எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டினாள். 'முன்பு அனுப்பியது தவறான தகவல். மருந்தை நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்கவும்.' தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். வாலையாவது பிடிக்கவேண்டுமே!

கரி வீடு நான்கு தெரு தள்ளி. மாமனார் ஓடவில்லை, ஆனால் ஊசி ஓடித்தான் அவரோடு சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

கதவு திறந்தே கிடந்தது. ஏழு வயதுப் பெண் தரையில் கிடந்தாள். கைகால் வெட்டி அடங்கி, கண் பாதி திறந்து, வாயோரம் நுரை. கரி பக்கத்தில் மண்டியிட்டு அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரிய உடம்புக்காரர், அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஊசி குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். வாயைத் துடைத்தாள். மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

"எத்தனை நேரம் இழுத்துச்சு அங்கிள்?"

"ரெண்டு நிமிஷம் இருக்கும். ஒரு வருஷமா வரவே இல்லம்மா. அதான் மருந்தை அன்னிக்கே நிறுத்திட்டேனே, வெள்ளிக்கிழமையே குப்பையில போட்டுட்டேனே! விஷம் இன்னும் உள்ள இருக்குதாம்மா?"

ஐயோ, அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வாள்? ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும்.

"விஷம் இல்ல அங்கிள். அந்த மெயில் பொய். மருந்தை நிறுத்தினதாலதான் இப்படி."

கரி மெல்லத் திரும்பினார். வாசற்படியில் மாமனார் நின்றுகொண்டிருந்தார்.

"நீ சொன்னேன்னுதான்டா நிறுத்தினேன்" என்றார் கரி. கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. "வேற எவன் சொல்லியிருந்தாலும் டாக்டர்கிட்ட போய்க் கேட்டிருப்பேன்டா. நீ சொன்னதால கேக்கல."

மாமனார் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மாவே வந்து பார்த்தார். மருந்து ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்தில் குழந்தை கண்ணை முழுதாகத் திறந்து, இது எந்த இடம், தன் செருப்பு எங்கே என்று கேட்டாள். செருப்பைக் கேட்டதும் கரி அழுதுவிட்டார்.

"பயப்பட ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

ஊசி வராந்தாவுக்கு வந்தாள். பெஞ்சில் மாமனார் முழங்கால் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா நல்லா இருக்கா மாமா. பேசிட்டா. செருப்பைக் கேக்கறா."

தலையை ஆட்டினார்.

"டீ வாங்கிட்டு வரட்டுமா?"

"ம்."

இரண்டு வருடம் கேட்ட அதே 'ம்'. வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாது அதில். அவள் டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. டீயில் ஆடை படிந்தது.

மூன்றரைக்கு லேபில் உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். அனுப்பியது நான், சரிபார்க்காமல் அனுப்பியது என் தவறு, பொய் என்று தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. மூன்று வரி எங்கே போயிற்று என்பதைப் பற்றி மட்டும் ஒரு எழுத்தும் இல்லை.

டாக்டரம்மா படித்தார். மடித்தார். மேஜை இழுப்பறையில் வைத்தார்.

"அந்த வரியை எடுத்தவர் யாருன்னு இதுல இல்ல."

"இல்ல டாக்டர்."

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கிறது யாரு?"

ஊசி தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, உங்க விஷயம் நாளைக்கு. ஆனா இந்தக் காகிதத்தால ஒரு பிள்ளைக்கும் மருந்து போய்ச் சேராதும்மா. வீட்ல இன்னும் எத்தனை பேர் நிறுத்திட்டு உக்காந்திருக்காங்களோ. அவங்களுக்கு யார் சொல்றது?"

ஊசி மறுபடி பெஞ்சுக்கு வந்தாள். ஃபோனில் மாமனாரின் பெட்டியைத் திறந்தாள். மதியம் அனுப்பிய மெயிலுக்கு ஆறு பதில் வந்திருந்தது. ஆறும் ஏறக்குறைய ஒன்றுதான். 'மைக், உன் மெயிலை எவனோ திருடிட்டான். உன் பேரில் ஏதோ உளறிக்கொண்டிருக்கிறான். ஜாக்கிரதை!'

வேறு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். பொய்யைச் சொன்னபோது உடனே நம்பினார்கள், உண்மையைச் சொன்னால் திருட்டு என்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"மாமா, உங்க நோட்டைக் குடுங்க."

சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சின்ன நோட்டு. கூட்டாளிகள் எல்லாருடைய ஃபோன் நம்பரும் அதில் உண்டு. எடுத்துக் கொடுத்தார். பேசவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முதல் நம்பரைப் போட்டாள்.

"வணக்கம் சார், நான் மைக்கோட மருமக பேசறேன். அந்த நீல மூடி மருந்து விஷயம்..."

"நீ யாரும்மா? மைக் எங்க? அவனைப் பேசச் சொல்லு." வைத்துவிட்டார்.

இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். மூன்றாவது எண் உபயோகத்தில் இல்லை. நான்காவது ஆள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், அப்புறம் சொன்னார்:

"அம்மாடி, ஆஸ்பத்திரிக்காரங்க மறைக்கிறாங்கன்னு அந்த மெயில்லயே போட்டிருந்துச்சே. நீயும் ஆஸ்பத்திரிதானே? உன்னை மிரட்டியிருப்பாங்க. எனக்குப் புரியுது, நீ வை."

அதுதான் அந்தக் கடிதத்தை எழுதியவனின் சாமர்த்தியம். உண்மையைச் சொல்லப் போகிறவன் வாயை முன்கூட்டியே அடைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். ஊசிக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஐந்தாவது நம்பரைப் பார்த்தாள். எண்கள் கலங்கித் தெரிந்தன.

"அய்யா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. உங்க வீட்ல யாராவது பிள்ளைங்க... இல்லங்க, மிரட்டல... யாரும் மிரட்டல அய்யா..." குரல் உடைந்துவிட்டது.

பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டது. அவள் காதிலிருந்து ஃபோனை மெல்ல எடுத்தது.

மாமனார் தொண்டையைச் செருமினார். முதல் தடவை சத்தம் வரவில்லை. மறுபடி செருமினார்.

"வணக்கம்" என்றார். குரல் கம்மியிருந்தது, ஆனால் குரல்தான். "மைக் பேசறேன்."

மறுபக்கம் ஏதோ ஆரவாரமாகச் சொன்னார்கள்.

"இரு. கேளு. வெள்ளிக்கிழமை நான் அனுப்பினது பொய். என் மருமக, 'உண்மையா தெரியல, யாருக்கும் அனுப்பாதீங்க'ன்னு மேல எழுதியிருந்தா. அதை எடுத்துட்டு அனுப்பினது நான். அவ இல்ல, நான். கரியோட பேத்தி என்னால மருந்தை நிறுத்தி இன்னிக்கு வலிப்பு வந்து கிடக்குது. ஆமா, என்னாலதான். உன் வீட்ல யாராவது நிறுத்தியிருந்தா இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நீ எத்தனை பேருக்கு அனுப்பினே? பதினோரு பேரா? பதினோரு பேரையும் கூப்பிடு. மெயில் போடாத, வாயால சொல்லு. சொல்லிட்டு எனக்குச் சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

வைத்தார். நோட்டில் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டார். அடுத்த நம்பரைப் போடச் சொல்லி அவளிடம் ஃபோனை நீட்டினார். ஊசி போட்டுக் கொடுத்தாள்.

"வணக்கம். மைக் பேசறேன்."

ஒவ்வொருவரிடமும் அதையே முதலிலிருந்து சொன்னார். ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை. 'தெரியல'வையும் விடவில்லை, 'என்னால'வையும் விடவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் திட்டினார்கள். ஒருவர் அரை நிமிடம் வண்டி வண்டியாகத் திட்டினார். மாமனார் முழுக்கக் கேட்டுக்கொண்டார். "சரி, இப்ப சொல்லு, நீ எத்தனை பேருக்கு அனுப்பினே?" என்றார்.

இருபது பேர் முடிந்திருக்கும். வார்டுக் கதவு திறந்தது. கரி வந்து நின்றார். உள்ளே அவருக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். அந்தக் குரல் ஸ்டேஷனில் நாலு பிளாட்பாரத்துக்குக் கேட்ட குரலாயிற்றே.

மாமனார் ஃபோனைக் கீழே இறக்கினார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ திட்டணும்னா திட்டிடுடா" என்றார் மாமனார்.

"திட்டத்தான் போறேன். இப்ப நேரமில்ல." கரி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். தன் ஃபோனை எடுத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தார். "பின்னாலேருந்து நான் போடறேன். இந்தக் கிழவனுங்க பாதிப் பேருக்குக் காது கேக்காது, நான்தான் கத்தணும்."

ஊசி நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கு முன்பக்கத்தையும் ஒருவருக்குப் பின்பக்கத்தையும் காட்டினாள். கணவனும் கடையைச் சாத்திவிட்டு வந்து சேர்ந்தான். அப்பாவின் குரலைத் தூரத்திலேயே கேட்டுவிட்டு வராந்தா முனையிலேயே நின்றுவிட்டான். கிட்டே வர அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பெயர் மட்டும் பாக்கி. பார்சல் அக்கா. பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது வீட்டிலேயே பிள்ளைகள் காப்பகம் நடத்துகிறார். நாற்பது பிள்ளைகள். பகல் முழுக்க அவர்களுக்கு மருந்து கொடுப்பதும் அவர்தான்.

மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். அடித்துக்கொண்டே இருந்தது.

"வைங்க மாமா, பத்து நிமிஷம் கழிச்சுப் போடலாம். காலையிலேருந்து நீங்க ஒண்ணும் சாப்பிடல" என்றாள் ஊசி.

மாமனார் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மற்றொரு கையால் அவள் தலையை ஒரு தடவை தொட்டார்.

"நீ போய்ச் சாப்பிடும்மா" என்றார். "அவ எடுக்கட்டும். நான் பேசணும்."